மேலத்தெரு வால்வு

நொச்சிவயல்
8.6.2024

முத்துராமன் அவர்களுக்கு,

அழகி எழுதுறது. தம்பின்னு போட கை வரல. அதனால அவர்களுக்குன்னு போட்டிருக்கேன். தாசில்தாருக்கு எழுதுற மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் நீங்க போன் அடிக்கிறீங்க, நான் எடுக்கிறதில்ல. ஏன்னு வனிதாகிட்ட கேட்டீங்களாம். ஒங்க பொண்டாட்டிக்கு அது தெரியாது, நானே சொல்றேன். போன்ல நீங்க அழுவுறீங்க. நீங்க அழுதா நான் தேத்துறேன். புருசன் செத்தவ நான், கொழுந்தனைத் தேத்திட்டு ஒக்காந்திருக்கேன். காகிதத்துல அழுதா எனக்குக் கேக்காது. அதனால இனிமே எழுத்துலதான். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கூட்டிப் படிச்சுக்குங்க. லீவு முடிஞ்சு சார்ஜா திரும்புற மீமிசல் அபுபக்கர் தம்பிகிட்ட குடுத்து விடுறேன். ஒங்க ரூம்காரரு, ஒங்களுக்குப் பார்சல் வாங்கிட்டுப் போக வந்தாரு. வனிதா முறுக்கு குடுத்தா. நான் இதைக் குடுக்கிறேன்.

மாசி மாசம் அன்னிக்குக் காலையில ஊருக்குத் தண்ணி வரல. தண்ணி வரலேன்னுதான் மோட்டார் போடுற ஒங்க அண்ணனைத் தேடிப் போனாங்க. மனுசனைக் காணோம்னு ஒருத்தரும் தேடல. மோட்டார் ரூமுக்குள்ள கிடந்தாரு. தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டாங்க. நான் என்னா ஏதுன்னு பாக்குறதுக்குள்ள பஞ்சாயத்து பிரெசிடெண்ட் போன்ல ஒங்க குரல் கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. "வயித்துவலின்னு சொல்லி முடிங்க. போலீசு அது இதுன்னு போயிராதீங்க. எனக்குப் பொம்பளப் பிள்ள இருக்கு." அம்புட்டுத்தான். வெயில் ஏறுறதுக்குள்ள எரிச்சு முடிச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு காகிதத்த நீட்டினாங்க. நெடுநாள் வயித்துவலியால் இறந்துவிட்டார்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு என் சொத்து பூரா எழுதிக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

ஒங்க அண்ணனுக்கு வயித்துல ஒண்ணுமில்ல. தீபாவளியிலேர்ந்து சோறு எறங்கல, தூக்கம் இல்ல. டேங்கு நெறஞ்சு வழியும், பாத்துக்கிட்டே நிப்பாரு. மோட்டார நிறுத்தத் தோணாது. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பசிக்கலன்னாரு, கேஸ் மாத்திரை குடுத்தாங்க. மறுபடி போனோம், கேஸ் மாத்திரை. கடைசியா நர்சம்மாதான், இது மனசு டாக்டர் பாக்க வேண்டியது, மாசத்துக்கு ஒருநாள் வருவாருன்னு போர்டைக் காட்டுச்சு. மொத மாசம் போனா டாக்டர் வேற எங்கயோ முகாமுக்குப் போயிட்டாரு. அடுத்த மாசம் வந்தாரு. நல்ல டாக்டர்தான், மூஞ்சியப் பாத்துப் பேசினாரு, மாத்திரை எழுதினாரு. அந்த மாத்திரை அங்க ஸ்டாக் இல்ல. புதுக்கோட்டைக்குப் போங்கன்னாங்க. புதுக்கோட்டைக்குப் போனா ஊருக்கு யாரு மோட்டார் போடுறது? பிரெசிடெண்டுகிட்ட லீவு கேட்டாரு. பொங்கல் முடியட்டும் வீரய்யா, ஊரு பூரா விருந்தாளின்னாரு. பொங்கல் முடிஞ்சு தைப்பூசம். தைப்பூசம் முடிஞ்சு கோயில் திருவிழா. விருந்தாளி குளிக்கத் தண்ணி விட்டுட்டே செத்தாரு ஒங்க அண்ணன்.

சுகாதார நிலையத்துச் சுவத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கு. மன அழுத்தமா, கூப்பிடுங்கன்னு. நான்தான் அடிச்சு அவரு காதுல வச்சேன். ஒண்ணை அழுத்துன்னுச்சு, ரெண்டை அழுத்துன்னுச்சு, அப்புறம் பாட்டு. பாட்டு முடிஞ்சு கட்டாயிருச்சு. சாகத் துணிஞ்சவன் எத்தனை நம்பரை அழுத்துவான்?

ஒங்க மக ஹரிணி போன்ல தேடிப் படிச்சுச் சொல்லுச்சு. டெல்லியில இதுக்குன்னு ஒரு திட்டம் இருக்காம். 2030க்குள்ள இந்த மாதிரிச் சாவ நூத்துக்குப் பத்து கொறைக்கணுமாம். மிச்சத் தொண்ணூறு பேரு யாருன்னு எழுதியிருக்கான்னு கேட்டேன். பெரியம்மா அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுன்னுச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சுச்சு. எண்ணினாத்தான் கொறைக்க முடியும். நம்ம ஊருல அப்படிச் செத்தவன் ஒருத்தனுமே இல்லயே. எல்லாருமே வயித்துவலி. இந்த ஊருக்கு அவங்க வயித்து டாக்டரைத்தான் அனுப்புவாங்க.

ஆகஸ்டு பதினஞ்சு கிராமசபையில எந்திரிச்சுச் சொல்லப் போறேன். என் புருசன் எப்படிச் செத்தாருன்னு, வயித்துவலின்னு எழுதச் சொன்னது யாரு, எழுதினது யாருன்னு பேரு பேரா. மொதப் பேரு ஒங்க பேரு. முன்கூட்டியே சொல்லிட்டேன்.

அழகி

-

சார்ஜா
27.6.2024

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. அபுபக்கர் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்க் கடுதாசின்னா சந்தோசமாப் படிப்பேன்னு நினைச்சிருப்பான்.

அவர்கள் என்று போட்டிருக்கீங்க. நான் ஏழாவது படிக்கிறப்ப நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க. அன்னிலேர்ந்து டேய், வாடா, போடா தவிர வேற எதையும் நான் உங்க வாயில கேட்டதில்லை. சரி. அவர்களாவே இருந்துட்டுப் போறேன்.

மதினி, நான் யாருக்காக அப்படிச் சொன்னேன்னு நினைக்கிறீங்க. போஸ்ட்மார்ட்டம்னு அண்ணன் உடம்பைக் கிழிக்கக் கூடாது. போலீஸ் வந்தா மொதல்ல உங்களைத்தான் உட்கார வச்சுக் கேப்பான், பொண்டாட்டிக்கும் புருசனுக்கும் என்ன சண்டைன்னு. ஊரு அதைவிட மோசம். பிள்ளை இல்லாத வீடுன்னு ஆரம்பிக்கும். அதுக்கெல்லாம் வழி விடக் கூடாதுன்னுதான். வயித்துவலின்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நம்ம பக்கத்துல காலங்காலமா அப்படித்தானே சொல்றாங்க. நானா கண்டுபிடிச்சேன்? அண்ணனோட ஆஸ்பத்திரிச் சீட்டுல எல்லாம் வயிறுன்னுதானே இருக்கு?

நான் ஒன்றரை வருசமா ஊருக்கு வரலை. கூட இருந்தது நீங்க. இதுக்கு மேல எழுத வேண்டாம்னு பாக்குறேன்.

ஹரிணிக்கு இந்த ஆனி கடைசியில நிச்சயம் வச்சிருக்கு. வனிதா சொல்லியிருப்பா. திருச்சிப் பையன், பேங்க் வேலை. அவங்க வீட்டுல, நம்ம குடும்பத்துல யாருக்கும் மனசு சம்பந்தமா எதுவும் உண்டான்னு விசாரிச்சுக் கேட்டாங்களாம், ரெண்டு தடவை. அண்ணன் வயித்துவலியில போனார்னு வனிதா சொல்லியிருக்கா. நீங்க கிராமசபையில ஒரு வார்த்தை பேசினா அந்தப் பிள்ளை வாழ்க்கை போச்சு. என்னைப் பழி வாங்குங்க. அவளை விட்ருங்க.

லீவு கேட்டிருந்தேன் நிச்சயத்துக்கு, கிடைக்கலை. எனக்கும் வயிறு சரியில்லை. சாப்பாடு எதைப் பார்த்தாலும் வேண்டாம்னு இருக்கு. கேம்ப் கிளினிக்ல கேஸ் மாத்திரை கொடுத்திருக்கான். வெயில் அப்படி.

உங்கள்
முத்துராமன்

-

நொச்சிவயல்
18.7.2024

முத்துராமன் அவர்களுக்கு,

கூட இருந்தது நீங்கன்னு எழுதியிருக்கீங்க. எழுத வேண்டாம்னு பாத்துட்டு எழுதியிருக்கீங்க. நல்லது. பதினாறாம் நாளு காரியத்துல ஒங்க பொண்டாட்டி கூடத்துல ஒக்காந்து இதையேதான் சொன்னா, சத்தமா இல்லாம, எனக்குக் கேக்குற அளவுக்கு. நீங்க நேராச் சொல்லிட்டீங்க. அதுல வனிதாவ விட ஒங்களுக்குத் தைரியம்.

ஆமா, கூட இருந்தேன். ஊரு பூரா தூங்கினப்ப அவரு கூட முழிச்சு இருந்தேன். சாப்பாட்ட மூணு தடவை சூடு பண்ணினேன். மினிபஸ்ல ஏத்தி, எறக்கி, வரிசையில நின்னு, ஸ்டாக் இல்லன்னு கேட்டுட்டுத் திரும்பினேன். கூட இருந்தவளுக்கு இருக்க அருகதை, ஸ்பீக்கர்ல பேசினவனுக்குக் கிடையாது.

நிச்சயம் நல்லா நடந்துச்சுன்னு வனிதா ஒங்களுக்குப் போட்டோ அனுப்பியிருப்பா. போட்டோவுல தெரியாத ஒண்ணு சொல்றேன்.

ஒங்க அண்ணன் வேலைய இப்ப நான்தான் பாக்குறேன்னு தெரியும்ல. என் வாய அடைக்க பிரெசிடெண்ட் குடுத்த வேலை. டேங்குக்கு மோட்டார் போடுறது, ஒவ்வொரு தெருவுக்கா வால்வு தொறக்குறது. நிச்சயத்தன்னிக்கு விடிஞ்சு நடுத்தெருவுக்கு விட்டேன், கீழத்தெருவுக்கு விட்டேன், காலனிக்கு விட்டேன். ஒங்க மேலத்தெரு வால்வு மட்டும் தொறக்கல. திருச்சிக்காரங்க வேன்ல வந்து எறங்குறாங்க, ஒங்க வீட்டுல கால் கழுவத் தண்ணி இல்ல. வனிதா பட்டுச்சேலையோட பக்கத்துத் தெருக் குழாயில குடத்த வச்சுக்கிட்டு நிக்கிறா. மோட்டார் ரிப்பேர்னு சம்பந்திகிட்ட சொன்னாளாம். மோட்டார் நல்லாத்தான் ஓடுச்சு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். என்னைய உள்ள கூப்பிடல பாருங்க, தாலி இல்லாதவ மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு. அதனால வெளிய நின்னு நல்லாப் பாக்க முடிஞ்சுச்சு.

சாயங்காலம் ஹரிணி வந்துச்சு. நிச்சயச் சேலை கூட மாத்தல. "பெரியம்மா, நீங்கதான அடைச்சீங்க?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அப்புறம், "எங்கம்மா கண்டுபிடிக்கல. மோட்டார் மெக்கானிக்கக் கூப்பிட்டு விட்ருக்காங்க"ன்னுச்சு. அது சிரிச்சுச்சா அழுதுச்சான்னு எனக்குத் தெரியல. மறுநா தொறந்து விட்டேன். மெக்கானிக்கு வந்து பாத்துட்டு ஒண்ணும் செய்யாமலே காசு வாங்கிட்டுப் போனான்.

நீங்க மக வாழ்க்கைன்னு எழுதுறீங்க. அந்தத் திருச்சிக்காரங்க ரெண்டு தடவை கேட்டாங்கன்னா அவங்களுக்கும் வீட்டுல யாரையோ பத்திப் பயம் இருக்கு. எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க. எல்லா வீட்டுலயும் வயித்துவலி.

ஆகஸ்டு பதினஞ்சு மாறல.

அழகி

-

சார்ஜா
2.8.2024

மதினி,

எங்க கேம்ப்ல நாளைக்கு ஊருக்குப் போற ஆள்கிட்ட கொடுத்து விடுறேன். பதினஞ்சுக்கு முன்னாடி உங்க கைக்கு வரணும்.

மேலத்தெரு வால்வை அடைச்சதுக்கு எனக்குக் கோபம் வரலை. வரணும். வனிதா போன்ல கத்தினா, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், வேற யாரோ வீட்டுச் சண்டை மாதிரி இருந்துச்சு. இப்பல்லாம் எல்லாமே அப்படித்தான் இருக்கு. ஃபோர்மேன் என்னைக் கட்டடத்து மேல ஏத்துறதில்லை. கீழ ஸ்டோர்ல போட்டுட்டான். ஒரு இடத்துல நின்னா நின்னுக்கிட்டே இருக்கேனாம், கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறேனாம். அபுபக்கர் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, என்ன முத்து, பேய் மாதிரி முழிச்சிக்கிட்டே இருக்கியேன்னு கிண்டல் பண்றான். நான் அவனுக்காகக் கண்ணை மூடிக்கிறேன்.

அன்னிக்கு ஸ்பீக்கர்ல நான் பேசினது எனக்கே இப்ப வேற ஆள் பேசின மாதிரி கேக்குது. எப்படி அப்படி டக்குனு வாயில வந்துச்சுன்னு தெரியலை. சாவுச் சேதி சொன்ன அடுத்த நிமிசமே வயித்துவலின்னு வந்துருச்சு. அழுகை அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

ஆனா ஒண்ணு யோசிங்க. காகிதத்துல பொய் எழுதினதுன்னு வந்தா கையெழுத்துப் போட்டது நீங்க. பிரெசிடெண்ட் தப்பிச்சுக்குவார். உங்க வேலை போகும். ஸ்டேஷன்ல உங்களைத்தான் நிறுத்துவாங்க. இவ்வளவும் பண்ணி என்ன வரப்போகுது? அண்ணன் திரும்பி வருவாரா? ஊருக்கு டாக்டர் வருவாரா? நம்ம பேச்சு மேல இருக்கவங்க யாருக்குக் கேக்கப் போகுது?

ஹரிணிக்காக ஒரு தடவை மட்டும் கேக்குறேன். இனிமே கேக்க மாட்டேன்.

முத்துராமன்

-

நொச்சிவயல்
18.8.2024

முத்துராமன் அவர்களுக்கு,

சொல்லிட்டேன்.

நடந்தது நடந்தபடி எழுதுறேன். வனிதா வேற மாதிரி சொல்லியிருப்பா.

சுதந்திர தினத்தன்னிக்குக் காலையில ஊருக்கே தண்ணி விடல. ஒரு தெருவுக்கும் இல்ல. பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தி முட்டாய் குடுத்துட்டு எல்லாரும் கிராமசபைக்கு வந்தாங்க. வழக்கமா வர்ற கூட்டம் இல்ல, தண்ணி கேக்க வந்த கூட்டம், குடத்தோடயே வந்துட்டாங்க. பிரெசிடெண்ட் என்னம்மா மோட்டாருன்னாரு. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல, நான் பேசி முடிச்சதும் தொறக்குறேன்னேன். ஒரு நாளு தண்ணி லேட்டானா ஊரே வந்துருச்சு பாருங்க, என் புருசன் நாலு மாசமா சாப்பிடலன்னு எத்தனை பேரு வந்தீங்கன்னு கேட்டேன். அப்படியே ஆரம்பிச்சுட்டேன்.

வீரய்யா வயித்துவலியில சாகலன்னேன். தன் உசிரத் தானே எடுத்துக்கிட்டாருன்னேன். அந்த வார்த்தைய நம்ம ஊரு ஸ்பீக்கர்ல யாரும் சொன்னதில்ல. மைக்கே ஒரு மாதிரி கரகரத்துச்சு. எல்லாப் பேரையும் சொன்னேன். போர்டுல மட்டும் வர்ற டாக்டரு, ஸ்டாக் இல்லாத மாத்திரை, பாட்டுப் பாடுற நம்பரு. லீவு குடுக்காத பிரெசிடெண்ட் நேரா ஒக்காந்திருந்தாரு, அவரையும் கை காட்டினேன். சார்ஜாவுலேர்ந்து ஸ்பீக்கர்ல வந்த ஒங்க பேரையும் சொன்னேன். என் கையெழுத்தையும் சொன்னேன். கேஸ் போடுறதுன்னா மொதல்ல என் மேல போடுங்கன்னேன்.

ஒருத்தன் பின்னாடிலேர்ந்து, இதெல்லாம் வீட்டோட வச்சுக்கணும் ஆத்தான்னான். வீட்டோட வச்சுத்தான்யா செத்தாருன்னேன். நான் மைக்க வைக்கப் போனேன். கீழத்தெருப் பொம்பள ஒருத்தி, மூணு வருசத்துக்கு முன்னாடி பதினேழு வயசுப் பிள்ளைய எழந்தவ, ஒங்களுக்குத் தெரியும், அவ குடத்தக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. "எம் மகளுக்கும் வயித்துவலி இல்ல"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. ஒக்காந்துட்டா.

டாக்டரு வாரம் ஒருநாளு வரணும், மாத்திரை இருக்கணும், ஊருல எப்படிச் செத்தாங்கன்னு உண்மையா எழுதணும். இதத் தீர்மானமாப் போடச் சொன்னேன். கிளார்க்கு எழுதினத வாசிச்சாரு. பொதுச் சுகாதாரத்த மேம்படுத்த ஆவன செய்வதுன்னு இருந்துச்சு. ஆவன வேணாம், நான் சொன்னத எழுதுங்கன்னேன். அந்த வார்த்தை போட வழியில்லம்மான்னாரு. அப்ப தண்ணிக்கும் வழியில்லன்னு வால்வுச் சாவிய மடியில வச்சுட்டு ஒக்காந்துட்டேன். வெயில் ஏறுச்சு. வீட்டுல ஒலை வைக்கலைன்னு பொம்பளைக எல்லாம் கிளார்க்கப் புடிச்சுக்கிட்டாங்க. எழுதினாரு. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போயி வால்வத் தொறந்தேன்.

ஒங்க அண்ணன் செத்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் சோறு ருசியா இருந்துச்சு. மறைக்க மாட்டேன். பிரெசிடெண்ட் மூஞ்சி சுண்டிப் போனத நெனச்சு நெனச்சு சாப்பிட்டேன்.

நேத்து திருச்சிக்காரங்க போன் பண்ணி யோசிச்சுச் சொல்றோம்னாங்களாம். ஹரிணி என்கிட்ட பேசுறதில்ல. ரோட்டுல பாத்தா அங்கிட்டுத் திரும்பிக்குது. அது மட்டும்தான் உறுத்துது. ஆனா நான் எழுதினதுல, சொன்னதுல ஒரு எழுத்தையும் திருப்பி வாங்க மாட்டேன். ஒங்களுக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன். வலிக்குதான்னு எழுதுங்க.

அழகி

-

சார்ஜா
4.9.2024

மதினி,

நீங்க சொன்னது, செஞ்சது எல்லாம் சரி. எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்லை. வலிக்குதான்னு கேட்டிருக்கீங்க. இல்லை மதினி, இப்ப ஒண்ணும் வலிக்கலை. மனசு லேசா இருக்கு.

இந்த ஆள்கிட்ட என் கடிகாரத்தைக் கொடுத்து விட்டிருக்கேன். முதல் சம்பளத்துல அண்ணனுக்கு வாங்கினது, தண்ணில வேலை பாக்குறவனுக்கு எதுக்குடான்னு எனக்கே கட்டிவிட்டுட்டார். நீங்க வச்சுக்குங்க. போன் இனிமே வேலை செய்யாது, வனிதாவைத் தேட வேண்டாம்னு சொல்லுங்க.

ஹரிணிக்கு என்ன நடந்தாலும் நீங்க முன்ன நில்லுங்க. அவ கோபம் ரெண்டு நாளைக்குத்தான். அவளுக்கு என்னை விட உங்களைத்தான் பிடிக்கும்.

இனிமே எழுத ஒண்ணும் இல்லை. உடம்பைப் பாத்துக்குங்க.

முத்துராமன்

-

நொச்சிவயல்
6.9.2024

டேய் முத்துராமா,

கடிகாரம் வந்துச்சு. அத வாங்கின கையோட ஓடிப் போயி வனிதா போனப் புடுங்கி அபுபக்கருக்கு அடிச்சேன். எடுத்தாரு. நீ கட்டில்ல படுத்திருக்கன்னாரு. மூச்சு இருக்கான்னு பாரு தம்பின்னேன். அவரு பயந்து போயி ஒன்னைய உலுக்கினது எனக்குக் கேட்டுச்சு. என்னடான்னு நீ கேட்டதும் கேட்டுச்சு. அப்புறம்தான் நான் தரையில ஒக்காந்தேன்.

இத எழுதி முடிச்சதும் ஹரிணி போட்டோ புடிச்சு அபுபக்கர் போனுக்கு அனுப்பும். அவரு ஒனக்குப் படிச்சுக் காட்டணும், நீ காதக் குடுக்கலேன்னாலும். அது இன்னும் என்கிட்ட பேசல. ஆனா பக்கத்துல நிக்குது, போனக் கையில வச்சுக்கிட்டு.

ஒன் கடுதாசி எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சுப் படிச்சேன். சோறு வேணாம். கேஸ் மாத்திரை. தூக்கமில்ல. நின்னா நின்னுக்கிட்டே இருக்க. கடைசியில மனசு லேசா இருக்கு. சாகுறதுக்கு மொத நாளு ஒங்க அண்ணன் இதே வார்த்தையச் சொன்னாரு. அழகி, இன்னிக்கு மனசு லேசா இருக்குன்னாரு. நான் சாமிக்குக் கற்பூரம் ஏத்தினேன், சரியாயிட்டாருன்னு. அந்த முட்டாத்தனத்த ஒரு வீட்டுல ஒரு தடவைதான் செய்யலாம்.

அவருகிட்ட கேக்காத ஒண்ண ஒன்கிட்ட நேராக் கேக்குறேன். சாகணும்னு தோணுதாடா? அபுபக்கர்கிட்ட சொல்லு, ஆமான்னா ஆமான்னு சொல்லு. கேட்டா அந்த நெனப்பு வந்துரும்னு பயந்து நான் அவரக் கேக்கல. அது முன்னாடியே வந்து ஒக்காந்திருந்துச்சு.

அபுபக்கர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒங்க அண்ணன் எப்படிச் செத்தாரு, ஒனக்கு இப்ப என்னா வந்திருக்கு, எல்லாம். ரூம்ல இருக்க மத்தவங்களுக்கும் சொல்லச் சொல்லிட்டேன். வெக்கமா இருக்கா? இருக்கட்டும். ஊரு நடுவுல மைக்குல ஒன் பேரச் சொன்னவ, ரூமுக்குள்ள சொல்ல யோசிப்பேனா. அந்த மனுசன் அழுதுக்கிட்டே, அக்கா, நான் கிண்டல் பண்ணிக்கிட்டுல்ல இருந்தேன்னாரு. அதுக்குப் பரிகாரமா இனிமே ஒன் கட்டிலோட தன் கட்டிலச் சேத்துப் போட்டுக்கச் சொல்லியிருக்கேன். நீ கக்கூஸ் போனாலும் அவரு கதவுல நிப்பாரு. இன்னிக்கே அங்க தமிழ் தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒன்னையக் கூட்டிட்டுப் போவாரு. கேஸ் மாத்திரை குடுத்தா வாங்காம, மனசு டாக்டர் யாருன்னு கேக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் கம்பெனியில பேசி, ஒன்னோடயே விமானம் ஏறி திருச்சியில கொண்டாந்து விடுவாரு. டிக்கெட்டுக்கு அடகு வைக்க வனிதா வளையலக் கழட்டிட்டா. ஸ்கூட்டிய எடுத்துட்டுப் பொன்னமராவதிக்குப் போயிட்டா.

நல்லாக் கேட்டுக்க. வயித்துவலின்னு நான் ஒருத்தருக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது தடவ போட மாட்டேன். நீ ஏதாச்சும் பண்ணிக்கிட்டேன்னா போஸ்டர் அடிச்சு ஒட்டுவேன், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து டேங்கு வரைக்கும், என்ன நடந்துச்சுன்னு. ஒனக்கும் மறைப்பு கெடையாது, ஒன் குடும்பத்துக்கும் கெடையாது. ஸ்பீக்கர்ல வார்த்தை சொல்லி உண்மையப் பொதைச்சவன, வார்த்தையாலேயே தோண்டி எடுப்பேன்.

என் கோவம் தீரலடா. பிரெசிடெண்ட் மேல கொஞ்சம், டெல்லிக்காரன் மேல கொஞ்சம், சுவத்து நம்பர் மேல கொஞ்சம், ஒன் மேலதான் அதிகம். அவங்க எல்லாம் என் கைக்கு எட்ட மாட்டாங்க. எட்டுறது நீ ஒருத்தன்தான். நீயும் போயிட்டேன்னா நான் யாரு சட்டையப் புடிப்பேன்? எனக்குப் பதில் சொல்லாமப் போறதுக்கு ஒங்க அண்ணன்தான் உரிமை எடுத்துக்கிட்டாரு. ஒனக்கு அந்த உரிமைய நான் குடுக்கல.

ஊருக்கு வா. என் முன்னாடி நில்லு. கூட இருந்தது நீங்கன்னு எழுதுனியே, அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நானும் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்றேன். ஒரு வாரத்துல முடியாது, ஆறு மாசம் ஆகும், அதுக்கே லீவு கேளு. டாக்டர் அடுத்து வர்ற அன்னிக்கு நம்ம ரெண்டு பேரும் போறோம். எனக்கும் தூக்கமில்ல, நானும் காட்டணும். மாத்திரை ஸ்டாக் இல்லன்னா புதுக்கோட்டைக்குப் போவோம். டாக்டர் முகாமுக்குப் போயிட்டாருன்னா, அவரு வர்ற வரைக்கும் ஊருக்குத் தண்ணி கெடையாது. கிளார்க்குகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன். அவரு தன் வீட்டுல ரெண்டு டிரம் வாங்கிப் போட்டுட்டாராம்.

கடிகாரத்த நான் கட்டல. ஓடிக்கிட்டு இருக்கு, டிவி மேல வச்சிருக்கேன். ஒன்னுது, நீயே வந்து எடுத்துக்க.

இன்னிக்குக் காலையில மேலத்தெரு வால்வ மறுபடி அடைச்சுட்டேன். ஒன் பொண்டாட்டியும் மகளும் நடுத்தெருவுல வந்துதான் தண்ணி புடிக்கிறாங்க. தெருவே என்னையத் திட்டுது. திட்டட்டும். மேலத்தெருக்காரன் ஒருத்தன் நேர்ல வந்து, மதினி தண்ணி விடுங்கன்னு கேக்குற வரைக்கும் தொறக்க மாட்டேன்.

அழகி